நாலாம் குழி மண்

மார்ச் 3, காலை 6.40. இதுவரை 11,206 பைகள்.

அக்கா,

நலம். நீயும் மாமாவும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் எழுது, போன் செய்யாதே. போனில் நீ முதல் பத்து நிமிடம் மூக்கை உறிஞ்சுகிறாய், அடுத்த பத்து நிமிடம் "சாப்பிட்டியா" என்கிறாய். விஷயத்துக்கு வருவதற்குள் என் வேலை கெட்டுவிடுகிறது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை எங்கள் வேன் உங்கள் பக்கம் வரும். ஓட்டுநரை எல்லாரும் ஹாரன் என்று கூப்பிடுவார்கள். ஏன் என்று அவர் தெருமுனைக்கு வரும்போதே தெரிந்துவிடும். கடிதத்தை அவரிடம் கொடு.

இந்தப் பகுதி முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து மண் வரைபடம் போடுகிறோம். கட்டத்துக்குப் பதினாறு குழி, குழிக்கு ஒரு பை. பை இங்கே வந்ததும் காயவைத்து, அரைத்து, சலித்து, கிண்ணத்தில் கொட்டி மேலே விளக்கைக் காட்டுவோம். மண் கொஞ்சம் ஒளியைத் தின்னும், மிச்சத்தைத் துப்பும். எதைத் தின்றது என்று நிறமாலைக் கருவி கோடு போட்டுக் காட்டும். கண்ணுக்குத் தெரியாத நிறங்களும் அதில் சேர்த்தி. களி எவ்வளவு, உப்பு எவ்வளவு, மக்கிய இலைதழை எவ்வளவு, எல்லாம் இரண்டு நிமிடத்தில் தெரியும். அமிலம் ஊற்றிப் பார்க்கும் பழைய முறையில் இதற்கு ஒரு வாரம்.

இதை வைத்துத்தான் புது வாய்க்கால் எந்தக் கட்டத்துக்குக் கிளை விடும் என்று முடிவு செய்வார்கள். பதினாறில் ஒன்பது குழி நல்ல மண் என்றால் தண்ணீர். எட்டு என்றால் இல்லை. உப்பு மண்ணுக்குத் தண்ணீர் பாய்ச்சினால் உப்புதான் மேலேறும். உங்கள் தெருவின் நாற்பது வீட்டு வயலும் ஒரே கட்டத்தில் வருகிறது.

அந்தக் கட்டத்துக்கு மண் அள்ளும் ஆளாக உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். முளைக்குச்சி அடித்த இடத்தில் மட்டும் தோண்டு. ஒரு சாண் ஆழம். வேர், கல் வேண்டாம். நிழலில் உலர்த்து. பையில் குழி எண்ணை எழுது. மூளையைப் பயன்படுத்தாதே, சொன்னதைச் செய்.

மாமாவின் இடுப்பை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


மார்ச் 17

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை நீ எழுதுகிற ஒரு வார்த்தையை வைத்து நான் என்னவென்று கண்டுபிடிப்பது? அதற்கும் ஒரு விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. மாமாவிடம் நீ கேட்டதைச் சொன்னேன். "உன் தம்பி இடுப்பைத்தான் விசாரிக்கிறான், ஆளை விசாரிக்கலை" என்றார். இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள், எழுந்தால் உட்கார ஒரு ஆள்.

பதினாறு குழியும் தோண்டிவிட்டேன். கடப்பாறையைத் தூக்கிக்கொண்டு நான் போவதைப் பார்த்து, தெருவே எனக்கு மண் டாக்டர் என்று பட்டம் கொடுத்திருக்கிறது. கடைசி வீட்டுக்காரி கூடவே வந்து, "ஏம்மா, என் வயல் மண்ணை மட்டும் கொஞ்சம் சிரிச்ச முகமா எடு" என்றாள். போட்டோ பிடிக்கிறோம் என்று நினைத்துவிட்டாள். டெய்லர் தன் துணியில் எனக்குத் தோள் பை தைத்துக் கொடுத்தார். எந்த வீட்டு வாசலைத் தாண்டினாலும் டீ. இந்தத் தெருவுக்கு வாழ வந்து இத்தனை வருடத்தில் எனக்கு இப்படி நடந்ததில்லை.

அவர்களைச் சொல்லி என்ன. போன வருடம் இரண்டு வீடு பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசி வீட்டுக்காரியின் மகன் பெட்டி கட்டி வைத்திருக்கிறான். தண்ணீர் வராவிட்டால் நாங்களும் கிளம்ப வேண்டியதுதான். இடுப்பு போன மனிதரை வைத்துக்கொண்டு எங்கே கிளம்புவது என்றுதான் தெரியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்காம் குழிகள் பள்ளத்தில் இருக்கின்றன. அங்கே மண்ணில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கடைசி வீட்டுக்காரி பார்த்துவிட்டு வாயில் கையை வைத்தாள். அது உப்புதானா? மறக்காமல் எழுது. அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

நலம். உன் கடிதத்தில் பாதி சோறு, பாதி கேள்வி. எனக்கு நேரமில்லை. முக்கியமானதை மட்டும் எழுதுகிறேன்.

ஹாரன் தார்ப்பாயைக் கட்டாமல் மழையில் வந்திருக்கிறார். ஓரத்தில் இருந்த மூன்று பைகளுக்குள் தண்ணீர் போய்விட்டது. 12, 13, 14. ஈரம் ஒளியை ஒரேயடியாக விழுங்கிவிடும், அடியில் இருப்பது தெரியாது. நனைந்த பை விதிப்படி செல்லாது. அதே குழிகளில் மறுபடி எடுத்து அனுப்பு.

மற்ற பதின்மூன்றையும் கருவியில் ஓட்டிவிட்டேன். ஏழு நல்ல மண். ஆறு உப்பு. வரப்போகும் மூன்றில் இரண்டு தேறினால் உங்களுக்குத் தண்ணீர். நாலாம் குழியைப் போல இருந்துவிட்டால் கவலையே இல்லை. அது பிரமாதமான மண். இங்கே நாலு பேர் சுற்றி நின்று அதன் கோட்டைப் பார்த்தோம்.

இந்த எண்ணிக்கையை வெளியில் சொல்லக்கூடாது. மண் அள்ளுபவருக்குக் கட்டாயம் சொல்லக்கூடாது. சொல்லாவிட்டால் நீ நச்சரிப்பாய், அதனால் சொல்லிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடாதே.

மாமாவையே விசாரித்ததாகச் சொல். இடுப்பையும் சேர்த்து.

தம்பி


ஏப்ரல் 28

அன்புத் தம்பிக்கு,

சுகமா? சளி பிடித்திருந்தால் வெந்நீர் குடி. கண்ணுக்கு ஓய்வு கொடு. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் என்னத்துக்கு ஆகும்.

மூன்று பைகளையும் ஹாரனிடம் கொடுத்திருக்கிறேன். மேலே இன்னொரு பை போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறேன், நனையாது.

மாமா சுகம். டெய்லர் சுகம். கடைசி வீட்டுக்காரி சுகம். உனக்கு யாரையும் தெரியாது, இருந்தாலும் எழுதுகிறேன். வேறு சொல்வதற்கு ஒன்றுமில்லை.

நேரத்துக்குத் தூங்கு.

அக்கா


மே 12

அக்கா,

சுகம் விசாரிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று பைகளையும் ஓட்டினேன். மூன்று கோடும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துகொண்டன. பக்கத்துப் பக்கத்துக் குழிகள், சரி, இருக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு நாலாம் குழியின் கோட்டை எடுத்து மேலே வைத்தேன். நாலும் ஒரே கோடு. ஒரு வயிற்றில் பிறந்த நீயும் நானும்கூட இவ்வளவு ஒத்துப்போனதில்லை.

எல்லாம் மண்தானே, எவனுக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தாயா? இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். வேறு எங்காவது போய் நல்ல மண்ணாகப் பார்த்து எடுத்திருந்தால்கூட எனக்கு ஒரு வாரம் தலைவலி. ஏற்கெனவே அனுப்பிய குழியிலேயே போய் அள்ளியிருக்கிறாய். ஏமாற்றுவதிலும் சோம்பேறித்தனம்.

விதி என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு பை பொய்யென்றால், அந்தக் கையால் வந்த பதினாறும் குப்பை. கட்டம் காலியாக நிற்காது. சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களைப் பார்த்துக் கணினி ஒரு மதிப்பீடு போட்டு நிரப்பும். உங்களைச் சுற்றி ஏழு கட்டம் உப்பு. அப்படி நிரப்பினால் என்ன வரும் என்பதற்குக் கணினிகூட வேண்டாம். அள்ளியவரின் பெயரை ஊர் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள்.

விளக்கம் ஏதாவது இருந்தால் இதே வேனில் எழுதி அனுப்பு.

தம்பி


மே 26

அக்கா,

நலம். வேன் வந்தது, பைப்பெட்டிகள் வந்தன, உன் கடிதம் வரவில்லை. ஹாரனைக் கேட்டேன். "அக்கா கதவைத் திறந்தாங்க சார். உங்க கடிதத்தை நின்னுக்கிட்டே படிச்சாங்க. எனக்குக் குடிக்கத் தண்ணி மட்டும் குடுத்தாங்க" என்றார்.

சரி. இன்று காலை அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். டைரக்டர் படித்துவிட்டு, "யாருப்பா இது, மண் அள்ளினது?" என்றார். "என் அக்கா" என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "கூடப்பிறந்தவளையே விடலையா நீ? உன்னை மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும்யா எனக்கு" என்றார். அடுத்து எடுக்கப்போகும் பகுதி இதைப்போல் இரண்டு மடங்கு. அதற்குத் தலைவராக என் பெயர் மேலே போகிறது.

உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதுகிறேன். மாமாவிடமும் சொல்.

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

நன்றாக இருக்கிறாயா? பெரிய பொறுப்பு வருவது சந்தோஷம்தான். மாமாவிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இடுப்பு வலியாக இருக்கும்.

நாலாம் குழியில்தான் எடுத்தேன். மூன்று பையும். ஏன் என்று எழுதினால் நீ பாதியில் மடித்து வைத்துவிடுவாய், அதனால் எழுதவில்லை.

கேட்பது ஒன்றே ஒன்று. என் பெயரைப் போடு. கொட்டை எழுத்தில் போடு. ஆனால் பதின்மூன்று பை நிஜம், அது உனக்கே தெரியும். நான் செய்ததற்கு நாற்பது வீட்டைத் தண்டிக்காதே. ஹாரன் ஒன்று சொன்னார். "வேற கட்டத்துலயும் இந்த மாதிரி ஆகியிருக்குக்கா. வேற ஆளை விட்டு முதல்லேருந்து தோண்டச் சொல்லுவாங்க. தம்பி சார் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்." அப்படி உண்டா? உண்டென்றால் யாரை வேண்டுமானாலும் அனுப்பு. அவர்கள் தோண்டி முடிக்கும்வரை நான் வாசல்படி தாண்டமாட்டேன்.

தெருவுக்கு இன்னும் தெரியாது. நேற்றும் மண் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கொடுத்த டீயை வேண்டாம் என்றுவிட்டு வந்தேன். கடைசி வீட்டுக்காரியின் மகன் கட்டிய பெட்டியை அவிழ்த்துவிட்டான். "தண்ணி வருதுல்ல, அப்புறம் எதுக்குப் போகணும்" என்று என்னிடமே வந்து சொல்கிறான்.

நீ சின்ன வயதில் எதையும் யாரிடமும் கேட்கமாட்டாய், எடுத்துக்கொள்வாய். எனக்குக் கேட்கவும் வராது, எடுக்கவும் வராது. எடுத்துப் பார்த்தேன், மாட்டிக்கொண்டேன். இப்போது கேட்டுப் பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 23

அக்கா,

நலம். ஹாரனுக்கு வாய் அதிகம், ஆனால் சொன்னது சரி. மறுதோண்டலுக்கு என் கையெழுத்துப் போதும். இந்த வருடம் ஐந்து கட்டங்களுக்குப் போட்டிருக்கிறேன்.

உன்னுடையதற்குப் போடமாட்டேன். அந்த ஐந்திலும் அள்ளியவர்கள் யாரோ. இங்கே அள்ளியது என் அக்கா. டைரக்டர் முன்னால் "என் அக்கா" என்று சொல்லித்தான் நல்ல பெயர் வாங்கினேன். ஒரு மாதம் கழித்து அதே வாயால் "அக்காவுக்காக இன்னொரு தடவை" என்று சொன்னால் அந்தப் பெயர் என்ன ஆகும்? நீ யாரோவாக இருந்திருந்தால் இதற்குள் ஆள் அனுப்பியிருப்பேன்.

இன்னொன்று. போன வாரம் ஒரு மத்தியானம் கருவி சும்மா இருந்தது. நனைந்து வந்த பழைய மூன்று பைகளும் அலமாரியில்தான் இருக்கின்றன. தள்ளிய பைகளை ஆகஸ்ட் கடைசிவரை வைத்திருப்போம். என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று உலர்த்தி ஓட்டினேன்.

நீ வெள்ளையைப் பார்த்து உப்பு என்று பயந்திருக்கிறாய். பன்னிரண்டிலும் பதின்மூன்றிலும் இருப்பது சுண்ணாம்பு. கண்ணுக்கு இரண்டும் வெள்ளை, கருவிக்கு இரண்டும் வேறு வேறு. சுண்ணாம்பு இருந்தால் ஒன்றும் குற்றமில்லை, நன்றாக விளையும். உப்பு பதினான்கில் மட்டும்தான். மழையில் உப்புக் கரைந்து போயிருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். பிளாஸ்டிக் பைக்குள் கரைந்த உப்பு பைக்குள்ளேதான் இருக்கும். அதனால் இந்தக் கணக்கு சரி.

ஆக, சொன்ன இடத்தில் தோண்டியிருந்தால் ஒன்பது குழி. தண்ணீர் வந்திருக்கும். தெரிந்துகொள்வது உனக்கு நல்லது என்று எழுதுகிறேன்.

பலகையில் ஜூலை முதல் வாரம் ஒட்டுவார்கள். மாமாவுக்கு என் விசாரிப்பு.

தம்பி


ஜூலை 21

தம்பிக்கு,

சுகமாக இரு.

ஒட்டிவிட்டார்கள். டெய்லர்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாருக்கும் உரக்கப் படித்தார். என் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை படித்தார். யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

மறுநாள் காலை கதவைத் திறந்தேன். வாசலில் ஒரு கூடை மண் கொட்டியிருந்தது. கடைசி வீட்டுக்காரி கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். "இந்தா, இதையும் உன் தம்பிக்கு அனுப்பு. சிரிச்ச முகமாத்தான் எடுத்திருக்கேன்" என்றாள். அவள் மகன் அன்று மத்தியான பஸ்ஸில் போய்விட்டான். எங்களோடு பேச்சு வார்த்தை கிடையாது. பொதுக்குழாயில் நான் குடம் வைத்தால் பின்னால் நிற்பவர்கள் தங்கள் குடங்களை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மாமா ஒரு நாள் கம்பை ஊன்றிக்கொண்டு அவரே குழாயடிக்குப் போனார். "பொண்டாட்டி மண்ணை மாத்தினா, புருஷன் தண்ணியை மாத்த வந்திருக்காரு" என்றானாம் ஒருவன். வந்து படுத்தவர்தான்.

பத்து நாள் பொறுத்தேன். அப்புறம் டெய்லர் கடைக்குப் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளத்து மண்ணில் இரண்டு குழி நல்லது, வெள்ளை சுண்ணாம்புதான், அந்தப் பைகள் ஆபீஸ் அலமாரியில் இருக்கின்றன, ஒரு கையெழுத்தில் திரும்பத் தோண்டலாம் என்று. "உன் வாயால வர்றதை இனிமே எப்படிம்மா நம்பறது?" என்றார். அது நியாயம்தானே. அப்புறம் நாலு பேராகக் கூடிப் பேசினார்கள். வரும் திங்கட்கிழமை டெய்லரும் ஏழெட்டுப் பேரும் பஸ் பிடித்து உன் ஆபீசுக்கு வருகிறார்கள். "பையைக் கண்ணால பார்த்துட்டு வரோம். இருந்துச்சுன்னா டைரக்டர்கிட்ட கேட்டு வாங்கிடுவோம், உன்னையும் ஒண்ணும் சொல்லலை. இல்லேன்னா, இதுவும் பொய்யின்னா, நீங்க ரெண்டு பேரும் இந்தத் தெருவுல இருக்காதீங்க." இதுதான் பேச்சு.

எத்தனை நல்லது எத்தனை கெட்டது என்று உனக்கு எப்படித் தெரிந்தது, தெரிந்ததால்தானே மாற்றினாய் என்று டெய்லர் கேட்டார். நானே குத்துமதிப்பாக நினைத்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டேன். வெள்ளை என்னவென்று மார்ச்சிலேயே உன்னிடம் எழுதிக் கேட்டதையும் சொல்லவில்லை. உன் பெயருக்கு ஒன்றும் வராது. பயப்படாதே.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். கையெழுத்துகூட டைரக்டர் போடட்டும். அவர்கள் வந்தால் அந்தப் பைகளை மட்டும் காட்டு. அதற்குமேல் உன்னிடம் எதுவும் கேட்கமாட்டேன்.

அக்கா


ஜூலை 23

அக்கா,

நலம். கடிதம் கிடைத்தது. வேனுக்குக் காத்திருக்காமல் தபாலில் போடுகிறேன். திங்கட்கிழமைக்கு முன்பே உன் கைக்கு வந்தால் நீ ஏற்பாடு செய்துகொள்ள வசதியாக இருக்கும்.

எண்ணிக்கையை நான் சொன்னேன் என்று சொல்லாமல் விட்டது புத்திசாலித்தனம். அப்படியே இரு. ஆனால் உங்கள் டெய்லருக்கே அந்தக் கேள்வி வந்திருக்கிறது, கவனித்தாயா? பைகளைப் பார்த்தால் மறுதோண்டல் கேட்பார்கள். மறுதோண்டல் என்றால் கோப்பைத் திறப்பார்கள். திறந்தால் முதல் பக்கத்திலேயே டைரக்டரும் அதைக் கேட்பார். அவரிடம் குத்துமதிப்பு என்று சொல்லித் தப்ப முடியாது. அடுத்த பகுதியின் தலைவர் வேலைக்கு என் பெயருக்கு மேலிடத்து அனுமதி வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

நீ கோபப்படமாட்டாய், தெரியும். இதைப் படித்ததும் கிழித்துவிடு. அதையும் செய்வாய், தெரியும். மாமாவுக்கு வண்டியில் போகும்போது இடுப்புக்குக் கீழே தலையணை வைக்கச் சொல்.

நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை வந்ததும் 12, 13, 14 பைகளைக் கழிவுத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுவேன். ஆகஸ்ட் கடைசிவரை வைத்திருக்க வேண்டும் என்பது விதிதான். முன்கூட்டிக் கொட்டியதற்கு இதுவரை இங்கே யாரையும் கேட்டதில்லை.

2. அந்த மூன்றின் கோடுகளையும் கணினியிலிருந்து எடுத்துவிடுவேன்.

3. உங்கள் கட்டத்துக்கு மதிப்பீட்டு எண்ணைப் போட்டு, சனிக்கிழமை வரைபடத்தை மேலே அனுப்பிவிடுவேன்.

4. திங்கட்கிழமை டெய்லரும் மற்றவர்களும் வந்தால், உட்காரவைத்து டீ சொல்லி, அலமாரியைத் திறந்து காட்டுவேன். எல்லாத் தட்டையும் அவர்களே கையால் தடவிப் பார்க்கட்டும்.

5. "பை இருக்குன்னு உங்க அக்கா சொன்னாங்களே" என்று கேட்டால், "அவங்க சொன்னதை நம்பியா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்பேன்.